வழிவீட்டுக் கதவு

அந்த ஊர்ப் போர் நினைவுக்கல்லைப் பார்க்க வேண்டுமானால் ஒரு குடும்பத்தின் நடுவீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். வாசற்படி ஏறி, கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, சமையலறையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி நகர்ந்து, பின்வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு இறங்கினால் முற்றம். முற்றத்தில் முதலில் கண்ணில் படுவது துணி துவைக்கிற கல். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், கையோடு கொண்டுவந்த மலர்வளையத்தை அதன்மேல் சாத்திவிட்டு விறைப்பாக நின்று வணக்கம் வைத்துவிட்டார். பாதி துவைத்த போர்வையோடு ஓரமாக நின்ற வீட்டுக்காரிதான், "ஐயா, அது இல்லீங்க. மேட்டுல நிக்குது பாருங்க, அதுதான்" என்றாள்.

இது அந்த வீட்டுக்காரியின் கதை. ஊரில் அவளுக்கு வழிவீட்டக்கா என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பொடிசுக்கும் அவள் அக்கா, அவளைவிட மூத்த தபால்காரருக்கும் அக்காதான். வயது ஐம்பதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. தையல் தொழில், சீருடை, தலையணை உறை, கிழிந்ததற்கு ஒட்டு, எது வந்தாலும் மறுப்பதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த வாயைத் திறக்கத்தான் அவளுக்கு வீட்டில் இடமில்லை, எந்நேரமும் யாராவது குறுக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.

கல் அங்கே வந்தது அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். மாமனாரின் மூத்த மகன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. ஊரில் இன்னும் சில வீடுகளிலும் அதே சேதிதான். மாமனார் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்து, எல்லார் பெயரையும் வெட்டச் சொல்லிக் கல்லை நட்டார். மேட்டைச் சுற்றி இரண்டு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வீடு, மிச்சமிருந்த பக்கத்தில் பின்தெருவிலிருந்து வண்டி வருகிற அகலத்துக்கு ஒரு பாதை. மாமனார் யோசித்துத்தான் செய்திருந்தார். சனங்கள் அந்தப் பாதையில் வருவார்கள், கல்லைத் தொட்டுவிட்டு அதே பாதையில் போவார்கள், வீடு வீடாக இருந்தது.

பாதையை ஒட்டி அரைவை மில். மாமனார் போய்ச் சேர்ந்த வருடம் விடாத மழை. மில்லுக்காரர் ஓடி வந்தார். மூட்டைகள் நனைகின்றன, பாதைக்கு மேலே ஒரு கூரை இழுத்துக்கொள்கிறேன், இரண்டு முனையையும் தகரத்தால் அடைத்துக்கொள்கிறேன், மழை விட்டதும் பிரித்துவிடுகிறேன் என்று கையைப் பிசைந்தார். அவளுடைய கணவன் அப்போது பஸ் கண்டக்டர். வீட்டுத் தலைமை புதிதாகக் கைக்கு வந்திருந்தது. யார் எது கேட்டாலும் 'ரைட்டு' என்று சொல்லிவிடுகிற மனுஷன். ஊரில் பெயரே ரைட்டு. அன்றைக்கும் அப்படித்தான் சொன்னான். "அதுவரைக்கும் சனங்க எங்க வீட்டு வழியா போகட்டும். நம்ம வீடுதானே!" என்று தாராளமாகக் கையை வேறு விரித்தான்.

அந்த மழை விட்டு முப்பது வருடம் ஆகிறது.

மில்லுக்காரரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. செங்கல் வைத்துக் கட்டியிருந்தால் ஆக்கிரமிப்பு என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவர் தகரத்தோடு நிறுத்திக்கொண்டார். தகரம் துருப்பிடித்தால் புதுத் தகரம் அடிப்பார். யாராவது பேச்செடுத்தால், "அட, அது தற்காலிகம்தானேப்பா" என்பார். குடோனாகிவிட்ட அந்தப் பாதையில் சிமெண்ட் போட்டுத் தள்ளுவண்டி ஓட்டினார், விளக்கு இழுத்தார், மேஜை போட்டார், கணக்குப்பிள்ளையை உட்கார வைத்தார். எல்லாம் தற்காலிகம். பிறகு நினைவுக்கல் கமிட்டிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார், அதுமட்டும் நிரந்தரம்.

இந்தப் பக்கம் அக்காவின் வாழ்க்கை வழியாகிவிட்டது. அந்த ஊரில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை கல்லைத் தொட்டுவிட்டுத்தான் போகும். புது வண்டி வாங்கினவன் சாவியைக் கல்லில் வைத்து எடுப்பான். வேலை கிடைத்தாலும் வருவார்கள், வேலை போனாலும் வருவார்கள். "அக்கா, உள்ள போறேன்" என்று ஒரு குரல் மட்டும் கொடுப்பார்கள், பதிலுக்கு நிற்பதில்லை. விடியும்போது தாழை எடுத்தால் இருட்டிய பிறகுதான் போடலாம். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். காய்ச்சல் என்று கட்டிலில் சுருண்டு கிடந்தால் போகிறவர் எல்லாம் "என்னக்கா, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், வரும்போது "இப்ப தேவலையா?" என்பார்கள். புருஷனோடு சண்டை போட வேண்டுமென்றால்கூடக் கிசுகிசுவென்றுதான். கிசுகிசுத்துச் சண்டை போட்டுப் பாருங்கள், ஒரு சண்டையும் முடியாது. அவர்களுக்குள் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சண்டையே இன்னும் பாக்கி நின்றது.

ஆனால் அவள் கல்லை வெறுக்கவில்லை. வாய்க்கால் ஈரத்துக்கு அதில் பாசி பிடிக்கும். தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பாள். மழைக்காலம் முடிந்ததும் எழுத்துகளுக்குள் கறுப்பு மை தீட்டுவாள். பார்த்தே இராத, கணவனுடைய அண்ணனின் பெயருக்கு வரும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். செத்தவர்களிடம் அவளுக்குக் கோபமே கிடையாது, அவர்கள் யாரும் அவள் அடுப்படியில் நடக்கவில்லை.

ரைட்டுக்கு நேர்மாறு. ஓய்வு பெற்றபின் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணனின் வீரத்தை எடுத்துச் சொல்வான். அண்ணன் போனபோது தம்பிக்கு விவரம் தெரியாத வயது. ஆனால் வருடத்துக்கு வருடம் ஞாபகம் கூடிக்கொண்டே போயிற்று. "இங்க பாரு, வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்பதுதான் அவளுக்கு அவன் இடுகிற வேலை. தண்ணீர்ப் பானை அவனிடமிருந்து இரண்டு எட்டில் இருந்தது.

மகள் ஒருத்தி. வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, மாடி வீட்டில் குடியிருந்தாள். போன ஜோரில் போன் பண்ணி, "அம்மா, இங்க கதவ சும்மா இழுத்து விட்டாலே தானா பூட்டிக்குதும்மா" என்று சொன்னாள். அம்மா போனை வைத்துவிட்டு, திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மகளுக்கு முதல் பிள்ளை பிறக்கிற சமயத்தில் அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். ரைட்டு அப்போது வேலையில் இருந்தான். மறுநாளே அவனிடமிருந்து போன். கல்லில் பெயர் இருக்கிற ஒருவரின் குடும்பம் எங்கிருந்தோ வந்து, பூட்டின வீட்டைப் பார்த்துத் தெருவிலேயே பொழுது சாய்கிற வரை நின்றுவிட்டுப் போனதாம். "ஊரே காறித் துப்புது. மானம் போச்சு" என்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பேத்தி பிறந்துவிட்டாள் என்று சேதி வந்தது.

இப்போது மகள் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரு மாசமாவது வந்து இரும்மா. மூத்தவள யார்கிட்ட விடறதுன்னு தெரியல" என்று அழுதாள். அக்கா புருஷனிடம் கேட்டாள்.

"நீ போயிட்டா வர்றவங்களுக்கு யாரு?" என்றான் ரைட்டு.

"நீங்க இருக்கீங்களே."

"நானா? நான் பேசிட்டு இருப்பேன். மத்ததெல்லாம்?"

மத்ததெல்லாம் என்றால் பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் கொடுப்பது, சேற்றுக் காலோடு வருகிறவனை முறைப்பது. அவள் அன்றைக்கு மேலே பேசவில்லை. உள்ளே 'அக்கா, உள்ள போறேன்' என்று யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் பட்டாளத்தார் கதைக்குள் வருகிறார். பக்கத்து ஊர்க்காரர். ரைட்டின் அண்ணனோடு ஒரே படையில் இருந்தவர். அதே போரில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தவர். வருடா வருடம் நினைவு நாளுக்கு வருவார். வாசலில் சக்கர நாற்காலி நின்றதும் நாலு பேர் ஓடி வந்து ஆளோடு தூக்குவார்கள். மூன்று படி, கூடம், அடுப்படி. பின்வாசல் நிலை வரும்போது "குனிங்க, குனிங்க" என்று கத்துவார்கள். அந்த நேரத்தில் பட்டாளத்தாரின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. அவரும் அவளுடைய அடுப்படியில் எதையும் பார்க்கமாட்டார், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அந்த ஊரில் அவள் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான்.

அவர்தான் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். கல் சிதைகிறது, சரிசெய்ய வேண்டும். நடக்க முடியாதவர்களும் போகிற மாதிரி வழி வேண்டும். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் பதில் வந்தது. பணம் ஒதுக்கிவிட்டார்கள், நினைவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். சேதி கேட்ட அன்றைக்கு அக்கா தையலை நிறுத்திவிட்டுப் பின்வாசலில் போய் நின்று அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் அது தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது. சக்கர நாற்காலிக்கு வழி என்றால் வேறு எங்கே போக முடியும்? மகளுக்குப் போன் போட்டு, "வந்துடுவேன்டி, இந்தத் தடவை வந்துடுவேன்" என்று சொல்லியும்விட்டாள்.

கமிட்டிக் கூட்டம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. வேறு எங்கே நடக்கும்? என்ஜினியர் டேப்பை இழுத்துக்கொண்டு வாசலிலிருந்து முற்றம் வரை நடந்தார். நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் விளக்கினார். வாசற்படியை எடுத்துவிட்டுச் சரிவுமேடை. இரண்டு நிலைப்படியையும் பெயர்த்துவிட வேண்டும். கதவுகள் குறுகல், கழற்றிவிட்டு நிலையை அகலமாக்க வேண்டும். கட்டில் இருக்கிற பக்கம் சுவரோடு கைப்பிடிக் கம்பி. அடுப்பை அந்த மூலைக்கு நகர்த்தினால் நாற்காலி தாராளமாகத் திரும்பும்.

"கதவு?" என்றாள் அக்கா.

"கதவு எதுக்கும்மா, பொது வழிதானே! வேணும்னா ராத்திரிக்கு ஒரு கம்பி கேட் போட்டுக்கலாம்."

அவள் கமிட்டித் தலைவரைப் பார்த்தாள். மில்லுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாங்க" என்றாள் அக்கா. சத்தமாகத்தான் சொன்னாள்.

"பாத்தீங்களா, தனக்குன்னு எதுவும் வேண்டாங்கறாங்க. அந்த மனசு யாருக்கு வரும்!" என்றார் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்.

"இல்ல சார், நான் சொல்றது, வீட்டு வழியா வேண்டாம். எனக்குக் கஷ்டமா இருக்கு."

"கஷ்டம் இல்லாமயா இருக்கும்? முப்பது வருஷமா அக்கா தாங்குன மாதிரி யாரு தாங்குவா!" என்றார் தலைவர். சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். ரைட்டு எழுந்து நின்று கும்பிட்டான்.

"பழைய பாதை இருக்கே" என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் ரைட்டு, "ஏ, தண்ணி கொண்டா" என்றான். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். கொண்டுவரும்போது கூட்டம் முடிந்துவிட்டது. புகழ்ந்தே ஒரு மனுஷியின் வாயைக் கட்டிவிட முடியும் என்பதை அந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் போன பிறகும் பட்டாளத்தார் வாசலில் நாற்காலியில் இருந்தார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிற வண்டி இன்னும் வரவில்லை. அவள் டம்ளர்களை எடுக்க வெளியே வந்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்கம்மா. எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

அவள் டம்ளரோடு நின்றாள். "கேட்டுச்சுன்னா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும். சொன்னா இந்த வருஷமும் வழி வராதோன்னு பயந்துட்டேன். யாரும் தூக்காம ஒரே ஒரு தடவ அவன்கிட்ட நானா போகணும்மா. அதான் வாய மூடிக்கிட்டேன்."

அவளுக்கு யாரையாவது நறுக்கென்று திட்ட வேண்டும்போல இருந்தது. இவரைத் திட்ட மனசு வரவில்லை. நியாயம் அவர் பக்கமும் இருந்தது. அதுதான் பெரிய எரிச்சல். எதிரி என்று ஒருத்தன் இருந்தால் சண்டையாவது போடலாம், இங்கே எல்லாரும் நல்லவர்களாக நின்று அவள் கழுத்தை நெரித்தார்கள். உள்ளே போய் டம்ளர்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

வேலை ஆரம்பிக்கிற நாள் வந்தது. கொத்தனாரையும் தச்சரையும் கூட்டிவர ரைட்டு காலையிலேயே உற்சாகமாகக் கிளம்பிப் போனான். அவள் அடுப்பு நகர்த்துவதற்குப் பாத்திரங்களை ஒதுக்கிவைத்தாள். கட்டிலையும் தையல் மெஷினையும் ஓரம் கட்டினாள். கூடம் பளிச்சென்று காலியாக இருந்தது. ஆள் நடமாட்டமும் இல்லை. வேலை நடக்கும், யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடத்தில் பகல் வேளையில் அந்தக் கூடம் காலியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

போய் முன்கதவைச் சாத்தினாள். அது பகலில் சாத்திப் பழக்கமில்லாத கதவு. முனகிக்கொண்டு வந்தது. தாழைப் போட்டாள். குறுக்குக் கட்டையையும் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கழற்றப்போகிற கதவு, ஒரு தடவையாவது பகலில் உள்ளே இருந்து பூட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கலாம். பிறகு கூடத்தின் நடுவில், ஊரே நடக்கிற அந்த இடத்தில், வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்தாள். தரை குளுகுளுவென்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டினார்கள். அவளுக்குக் கேட்டது. 'தட்டட்டும், இன்னும் கொஞ்சம் கழிச்சு எந்திரிப்போம்' என்று நினைத்துக் கண்ணை மூடினாள். முப்பது வருட அலுப்பு அந்தக் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. அப்படியே தூங்கிப்போனாள். மில்லின் இரைச்சலிலேயே வாழ்ந்து பழகினவளுக்குக் கதவுச் சத்தம் எம்மாத்திரம்?

வெளியே நடந்ததெல்லாம் அவளுக்குப் பிறகு ஆளாளுக்கு வந்து சொல்லித் தெரிந்தது. வேறு ஊராக இருந்தால், வீட்டுக்காரி கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நினைப்பார்கள். இவர்களுக்கு அப்படி நினைக்கவே வரவில்லை. அக்காவுக்குக் கோபம் உண்டு என்பதே ஊருக்குத் தெரியாது. பட்டப்பகலில் வழிவீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது என்றால் அவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கொத்தனார் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஐயோ, அக்கா நடு வீட்டுல விழுந்து கெடக்குது!" என்று அலறினார். தெரு கூடிவிட்டது. கதவை உடைக்கலாம் என்றார் தச்சர். உளியை வைத்தால் போதும் என்று அவர் சொல்ல, ரைட்டு, "அது எங்கப்பா போட்ட கதவுய்யா!" என்று அழுதுகொண்டே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எப்படியும் அன்றைக்குக் கழற்றப்போகிற கதவுதான், ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. பின்பக்கம் போக வேறு வழியே இல்லை.

அப்போது கத்தியது தலைவர்தான். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! மில்லு வழியா போங்க! தகரத்தப் பிரிங்க!"

தகரம் பிரிகிற சத்தம் பல்லைக் கூசவைக்கிற சத்தம். அதில்தான் அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து உட்கார்ந்தாள். பின்வாசலுக்கு ஓடினாள். முற்றத்துக்கு அப்பால் மேட்டுக்கு அந்தப் பக்கம் தகரம் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது. மாவு படிந்த தலைகளோடு மில் ஆட்கள் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தலைவர், ஒரு காலில் செருப்பில்லாமல், மூச்சு வாங்க ஓடி வந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அக்கா... உசிரோட இருக்கியா?"

"இருக்கேங்க. கொஞ்சம் தூங்கிட்டேன்."

"தூங்கினியா? பகல்லயா? கதவச் சாத்திட்டா?"

"ஆமா. சாத்திட்டுத்தான்."

அவர் முற்றத்து ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தெருவே குடோன் வழியாக வந்து மேட்டில் நிறைந்துவிட்டது. ஆளாளுக்குத் திட்டினார்கள், சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். ஹெட்மாஸ்டர் அவளுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

அந்த அமளியில் பட்டாளத்தாரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கைப்பிடிக் கம்பியின் உயரம் பார்ப்பதற்காக அன்றைக்கு வந்திருந்தவர், தெருவில் நாற்காலியோடு தனியாக நின்றிருக்கிறார். தள்ளிவிட ஒருத்தரும் இல்லை. அவரே சக்கரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னாலேயே தெருவைச் சுற்றி, மில் வாசலுக்குள் புகுந்து, தள்ளுவண்டிக்காகப் போட்ட அந்தச் சிமெண்ட் தரையில் வந்திருக்கிறார். ஒரு படி இல்லை, ஒரு நிலை இல்லை. அக்காதான் முதலில் பார்த்தாள். அவர் கல்லுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, கையை நீட்டி, சிநேகிதன் பெயரைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கல்லுக்கு முன்னால் அவர் முகத்தை அவள் முழுசாகப் பார்த்தாள். அதைப் பார்த்து அழாமல் இருக்க அவளால் முடியவில்லை.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். வேலையைப் பார்க்க வந்திருந்த என்ஜினியர் டேப்பைப் பாதி இழுத்து, என்ன நினைத்தாரோ, திரும்ப விட்டுவிட்டார்.

மில் ஆள் ஒருவன் மெல்லத் தலைவரிடம் வந்தான். "மொதலாளி, தகரத்த மறுபடி அடிச்சுடலாமா? மழ வர்ற மாதிரி இருக்கு."

தலைவர் பட்டாளத்தாரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் எது சொன்னாலும் அதை இவர்கள் மறுபடியும் பெரிய மனசு என்று கொண்டாடிவிடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். கிசுகிசுக்கவில்லை.

"மூட்டையெல்லாம் வேற எடத்துல அடுக்கிக்குங்க. நான் நாளைக்கு மக வீட்டுக்குப் போறேன். கதவப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது."

யாரும் கை தட்டவில்லை. தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, "தகரத்த எடுத்து உள்ள போடுங்கடா" என்றார்.

அப்போதுதான் முன்கதவு மறுபடியும் தடதடத்தது. ரைட்டு. அண்ணன் செத்த கதையை ஆயிரம் தடவை சொன்னவன், பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று நினைத்ததும் எழுந்திருக்கத் திராணியில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருக்கிறான். எல்லாரும் சுற்றிக்கொண்டு ஓடினபோது அவனுக்குச் சேதி சொல்லவும் ஆளில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டதும் கதவில் முட்டிக்கொண்டு அழுதான். "ஏய், இருக்கியா? இருந்தா ஒரு வார்த்த பேசேன்! கதவத் திறடி, திற!"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கூடத்தைக் கடந்து ஓடினாள். குறுக்குக் கட்டையில் கை வைத்தாள். முற்றத்தில் நின்றவர்கள், சரி, அக்கா திறந்துவிட்டாள், வழக்கப்படி இப்படியே போய்விடலாம் என்று அடுப்படிக்குள் காலை எடுத்துவைப்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. கட்டையிலிருந்து கையை எடுத்தாள். கதவோடு வாயை வைத்து, "நான் நல்லாத்தான் இருக்கேன், அழாதீங்க" என்றாள்.

"அப்பத் திற!"

"சுத்தி வாங்க" என்றாள் அக்கா.